பச்சைப் பூண்டும் கெட்டிப்பால் தேநீரும்

(இதய நலம் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, சிங்கப்பூர்ப் பலதுறை மருந்தகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற மூத்த தாதி ஒருவர் பதில் சொல்கிறார்.)

கேள்வி: அக்கா, எனக்கு வயது 53. டாக்சி ஓட்டுகிறேன். உடற்பயிற்சிக்கு நேரம் கிடைப்பதில்லை. வாட்ஸ்அப்பில் வந்ததைப் படித்துவிட்டு என் மனைவி தினமும் வெறும் வயிற்றில் மூன்று பல் பச்சைப் பூண்டு கொடுக்கிறார். இதயத்துக்கு இது போதுமா? – வாசகர், ஈசூன்

பூண்டை ரசத்தில் தட்டிப் போடச் சொல்லுங்கள். பச்சையாக மென்றுவிட்டு வண்டியில் ஏறினால் பயணிகள்தான் பாவம். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவரானால், பூண்டு வைத்தியத்தை மருத்துவரிடம் சொல்லாமல் தொடராதீர்கள்.

எனக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் ‘எதைச் சாப்பிடலாம்’ என்றுதான் கேட்கின்றன. எதை விடலாம் என்று கேட்பவர் அபூர்வம். நீங்கள் நாளுக்கு எத்தனை தேநீர் குடிக்கிறீர்கள் என்று எழுதவில்லையே! காப்பிக்கடையில் ‘தே’ என்று மட்டும் சொன்னால், கடைக்காரர் கோப்பையின் அடியில் இனிப்பான கெட்டிப்பாலை ஊற்றிவிட்டுத்தான் சாயத்தையே கையில் எடுப்பார். கலக்குவதற்கு முன் ஒருமுறை அடியைப் பாருங்கள், விரற்கடை உயரத்துக்கு மஞ்சளாக நிற்கும். பாலும் சீனியும் இல்லாத ‘தே ஓ கோசோங்’ கேளுங்கள். பால் இல்லாமல் தொண்டையில் இறங்காது என்றால், சீனி சேர்க்காமல் ஆவியாக்கிய பால் மட்டும் ஊற்றிய ‘தே சி கோசோங்’. முதல் சில நாள் முகம் சுளிப்பீர்கள். நாக்கு பழகிய பிறகு பழைய தேநீர் பாயசமாகத் தெரியும்.

நடைக்கு வாரம் 150 நிமிடம் வேண்டும். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். அதை ஒரே மூச்சில் நடக்க யார் சொன்னது? சாப்பிட்டு முடித்ததும் வண்டிக்குத் திரும்பாமல், பத்து நிமிடம் புளோக்கை, அதாவது அடுக்குமாடிக் கட்டடத்தை, சுற்றி வாருங்கள்.

கேள்வி: என் மாமியாருக்கு 70 வயது. தலை வலித்தால் மட்டுமே ரத்தக்கொதிப்பு மாத்திரை போடுகிறார். ஊறுகாயும் அப்பளமும் இல்லாமல் சாப்பிட மாட்டார். நான் சொன்னால் கோபம் வருகிறது. – வாசகி, ஜூரோங் வெஸ்ட்

ரத்தக்கொதிப்பு தலைவலியாக வந்து கதவைத் தட்டும் என்று நம்புகிற தலைமுறை அது. பெரும்பாலானவர்களுக்கு அது எந்த அறிகுறியும் காட்டாது. பல ஆண்டுகள் சத்தமில்லாமல் இருந்து, இதயத்தையும் சிறுநீரகத்தையும் மூளையையும் கெடுக்கும். ஆகவே மாத்திரை தினமும், மருத்துவர் சொன்ன நேரத்தில்.

இதை நீங்கள் சொல்லாதீர்கள், கருவி சொல்லட்டும். மேல்கையில் கட்டும் கருவி ஒன்று வாங்கிப் பேரப்பிள்ளையிடம் பொறுப்பைக் கொடுங்கள். அத்தை நாற்காலியில் சாய்ந்து, கால் மேல் கால் போடாமல், ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். கை மேசை மேல், நெஞ்சு உயரத்தில் இருக்க வேண்டும். அதற்கு முந்தைய அரை மணி நேரம் காப்பி கூடாது. தொலைக்காட்சித் தொடரின் சண்டைக் காட்சிக்கு நடுவே எடுத்த அளவை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. காலையும் மாலையும் எண்களை நோட்டில் எழுதி, அடுத்த முறை மருத்துவரிடம் நோட்டையே நீட்டுங்கள்.

உப்பைப் பற்றி ஒரு கணக்கு: உலகச் சுகாதார நிறுவனம் நாளுக்கு 5 கிராமுக்குள் இருக்கச் சொல்கிறது, ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு. 2022ஆம் ஆண்டு ஆய்வின்படி சிங்கப்பூரர்கள் சராசரியாக 9 கிராம் உட்கொள்கிறோம். ஊறுகாய், அப்பளம், கருவாடு மட்டுமா? சோயா சாஸ், உடனடி நூடல்ஸ், மீ (நூடல்ஸ்) சூப்பின் கடைசிச் சொட்டு எல்லாம் அதில் சேர்த்தி. ஊறுகாய்ப் போத்தலை ஒளித்து வைத்தால் வீட்டில் போர்தான் வரும். போத்தல் மேசைக்கு வராமல், தட்டோரத்தில் ஒரு துளி மட்டும் வரட்டும். குழம்பில் உப்பைக் குறைத்து, புளியையும் மிளகையும் கொஞ்சம் தூக்கிவிடுங்கள். சோடியம் குறைத்த உப்பு கடைகளில் கிடைக்கிறது. ஆனால் அதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் சில வகை ரத்தக்கொதிப்பு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் அது ஆகாது; கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: வயது 41. ஒல்லியான உடல்வாகு. கொலஸ்ட்ரால் பரிசோதனை எனக்கெதற்கு? – வாசகர், செங்காங்

கொலஸ்ட்ரால் சட்டை அளவைப் பார்த்து வருவதில்லை. அதிலும் நம் இந்தியர்களுக்குக் கை கால் ஒல்லியாக இருக்கும், வயிறு மட்டும் முன்னே வரும். தொப்புள் உயரத்தில் நாடா வைத்துப் பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80ஐத் தாண்டக் கூடாது. 40 வயதைக் கடந்த குடிமக்கள் அரசின் ‘ஹெல்தியர் எஸ்ஜி’ சுகாதாரத் திட்டத்தில் சேர்ந்தால், பரிந்துரைக்கப்படும் பரிசோதனைகள் இலவசம். புகைப்பவரா என்று நீங்கள் எழுதவில்லை. புகைப்பவரென்றால், மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அதை விடுங்கள்.

கேள்வி: நெஞ்சு எரிந்தால் வாயு மாத்திரை போட்டுக்கொள்கிறேன். எப்போது பயப்பட வேண்டும்? – வாசகி, தோ பாயோ

நெஞ்சில் பாரம் வைத்ததுபோல் அழுத்தி, தாடைக்கோ இடது கைக்கோ முதுகுக்கோ வலி பரவினால், கூடவே குளிர்ந்து வியர்த்தால், மூச்சு முட்டினால். பெண்களுக்கு நெஞ்சுவலி பெரிதாக இல்லாமல் குமட்டலும் காரணமில்லாத அசதியுமாகவும் வரலாம். அந்த நேரத்தில் மாத்திரை போட்டுப் படுக்காதீர்கள், மகன் வேலையிலிருந்து வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், டாக்சியும் பிடிக்காதீர்கள். ஆம்புலன்சுக்கு 995ஐ அழையுங்கள். புளோக் எண், மாடி, வீட்டு எண்ணைச் சொல்லிவிட்டு, அவர்கள் சொல்லும்வரை தொலைபேசியை வைக்காதீர்கள். கதவையும் இரும்புக் கதவையும் திறந்து வைத்துவிட்டு உட்காருங்கள். உங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில், மின்தூக்கி அருகே, இதயத்துக்கு மின்னதிர்வு கொடுக்கும் கருவிப் பெட்டி இருக்கிறதா என்று நாளைக்கே பார்த்து, பக்கத்து வீட்டாருக்கும் காட்டிவையுங்கள்.