வாசகர் கேள்வி: ‘ஓ-யூ-ஜி-ஹெச்’ படுத்தும் பாடு

கேள்வி: ஓ, யூ, ஜி, ஹெச் என்னும் நான்கு எழுத்துகள் சேர்ந்து வரும் ஆங்கிலச் சொற்களை ஏன் ஒவ்வொரு விதமாக உச்சரிக்கிறார்கள்? டஃப், தோ, த்ரூ, காஃப் என்று என் மகள் படிக்கும்போது எனக்கே குழப்பமாக இருக்கிறது. இதற்கு விதி ஏதேனும் உண்டா? முக்கியமான சொற்களைப் பொருளுடன் சொல்ல முடியுமா? (ஒரு வாசகி, திண்டுக்கல்)

பதில்: எல்லாச் சொற்களுக்கும் பொருந்தும் விதி இல்லை. ஆனால், பாதிச் சுமையை இறக்கி வைக்கும் விதி ஒன்று உண்டு. இந்த நான்கு எழுத்துகளைத் தொடர்ந்து ‘டி’ வந்தால் சொல் அநேகமாக ‘ஆட்’ என்றே முடியும். அது ‘ஆ’வுக்கும் ‘ஓ’வுக்கும் இடைப்பட்ட நீண்ட ஒலி, தமிழில் அதற்குத் தனி எழுத்து இல்லாததால் ‘ஆ’ என்றே எழுதுகிறேன். இவ்வாறு முடியும் சொற்களில் பெரும்பாலானவை இறந்தகால வினைகள்: பாட் என்றால் வாங்கினான், ப்ராட் என்றால் கொண்டுவந்தான், தாட் என்றால் நினைத்தான், ஸாட் என்றால் நாடினான், ஃபாட் என்றால் சண்டையிட்டான். ராட் என்பது ‘வொர்க்’ என்னும் வினையின் பழைய இறந்தகால வடிவம். ‘ராட் அயர்ன்’ கேட் என்று கடைக்காரர்கள் சொல்லும்போது நம் காதில் விழுவது அதுதான். இந்த விதிக்கு அடங்காமல் நிற்பது வறட்சியைக் குறிக்கும் ‘ட்ரௌட்’.

பாட், ப்ராட் இரண்டையும் மாற்றி எழுதாத மாணவர்கள் குறைவு. ‘ப்ரிங்’ என்னும் சொல்லில் ‘ஆர்’ இருக்கிறது, அதன் இறந்தகாலத்திலும் ‘ஆர்’ இருக்கும். ‘பை’ என்பதில் இல்லை, ஆகவே ‘பாட்’ என்பதிலும் இல்லை. இதை ஒருமுறை சொல்லிக் கொடுத்துவிட்டால் போதும்.

‘டி’ இல்லாமல் முடியும் சொற்களை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை. ‘அஃப்’ என முடிபவை: டஃப் (கடினமான), ரஃப் (கரடுமுரடான), இனஃப் (போதுமான). ‘ஆஃப்’ என முடிபவை: காஃப் (இருமல்), ட்ராஃப் (கால்நடைகளுக்குத் தீவனமும் தண்ணீரும் வைக்கும் நீண்ட தொட்டி). ‘ஔ’ என முடிபவை: பௌ (மரத்தின் பெரிய கிளை), ப்ளௌ (ஏர்). தோ (என்றாலும்), டோ (பிசைந்த மாவு) ஆகியவற்றில் ‘ஓ’ ஒலிக்கும்; த்ரூ (ஊடாக) என்பதில் ‘ஊ’ ஒலிக்கும். ‘ஸ்லௌ’ என்றால் சேறு நிறைந்த பள்ளம். அதே எழுத்துகளை ‘ஸ்லஃப்’ என்று வாசித்தால் பாம்பு சட்டையுரிப்பதைக் குறிக்கும் வினை. இந்த ஒரு சொல்லுக்காகவாவது ஆங்கிலேயரைக் கோபித்துக்கொள்ள நமக்கு உரிமை உண்டு.

இத்தனைக்கும் காரணம், அந்த ‘ஜி-ஹெச்’ ஒரு காலத்தில் உண்மையாகவே ஒலித்ததுதான். பழைய ஆங்கிலத்தில் அது தொண்டையின் பின்பகுதியிலிருந்து உரசி வரும் ஒலி. ஏரியைக் குறிக்கும் ‘லாக்’ என்னும் சொல்லை ஸ்காட்லாந்துக்காரர்கள் சொல்லும்போதும், ஜெர்மானியர்கள் பேசும்போதும் அவ்வொலியை இன்றும் கேட்கலாம். பிரான்ஸிலிருந்து வந்து இங்கிலாந்தைக் கைப்பற்றிய நார்மானியரின் ஆட்சிக்குப் பின் எழுத்தர்கள் அதனை ‘ஜி-ஹெச்’ என்று எழுதத் தொடங்கினார்கள். வில்லியம் காக்ஸ்டன் 1476இல் இங்கிலாந்தின் முதல் அச்சகத்தை வெஸ்ட்மின்ஸ்டரில் நிறுவியபின் அச்சுப் புத்தகங்கள் பெருகி எழுத்துக்கூட்டல் மெல்ல மெல்ல நிலைபெற்றது. ஆனால் அதே காலத்தில் மக்கள் நாவில் அந்த ஒலி சில சொற்களில் மறைந்துகொண்டும், சில சொற்களில் உதட்டுக்கு நகர்ந்து ‘ஃப்’ ஆகிக்கொண்டும் இருந்தது. முன்னால் நிற்கும் உயிரொலிகளும் அந்நூற்றாண்டுகளில் இடம் மாறியதால், எழுத்து ஓரிடத்தில் நிற்க, உச்சரிப்பு பல திசைகளில் பிரிந்து போய்விட்டது.

கேள்வி: த்ரூ, தரா என்னும் இரண்டு சொற்களும் ஓர் ‘ஓ’வில் மட்டுமே வேறுபடுகின்றன. பொருளிலும் தொடர்பு உண்டா? (ஒரு வாசகர், தஞ்சாவூர்)

பதில்: உண்டு. இரண்டும் ஒரே சொல்லின் இரு வடிவங்கள். அழுத்தமின்றிச் சொல்லப்பட்டது ‘ஊடாக’ என்னும் பொருளிலேயே தங்க, அழுத்திச் சொல்லப்பட்டது ஒன்றின் உள்ளே முழுவதும் புகுந்து பார்த்த, அதாவது ‘முழுமையான’, ‘தீர்க்கமான’ என்னும் பொருளைப் பெற்றது. பழைய பொருளின் சுவடு ‘தராஃபேர்’ என்னும் சொல்லில் இருக்கிறது. ஊடே கடந்து செல்லும் பொதுவழி என்பது அதன் பொருள்.

கேள்வி: விக்கலைக் குறிக்கும் ‘ஹிக்கப்’ என்னும் சொல்லையும் சில அகராதிகள் ‘ஓ-யூ-ஜி-ஹெச்’ போட்டு எழுதுகின்றனவே, எது சரி? (அதே வாசகர்)

பதில்: விக்கும்போது எழும் ஓசையைப் போலச் செய்து உண்டான சொல் அது. விக்கலும் ஒருவகை இருமல்தான் போலும் என்று எண்ணியவர்கள் அதன் கடைசியில் ‘காஃப்’ என்பதன் எழுத்துகளை ஒட்டிவிட்டார்கள். உச்சரிப்பு மட்டும் ‘கப்’ என்றே நீடித்தது. அகராதிகள் இரண்டையும் ஏற்கின்றன. இன்று பரவலாக எழுதப்படுவது ‘யூ-பி’ என முடியும் வடிவம். தேர்வில் அதையே எழுதுங்கள்.