சிறு விவசாயிக்குக் கடன், விற்பனை, குத்தகை: கேள்வி பதில்

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கடன், விற்பனை, குத்தகை பற்றிக் கேளுங்கள்.

பெரம்பலூர்: மூணு ஏக்கர் மானாவாரி மக்காச்சோளம். விளைச்சல் நல்லாத்தான் இருக்கு, கையில ஒண்ணும் நிக்க மாட்டேங்குதே ஐயா?

விதையும் உரமும் யாரிடம் கடனுக்கு வாங்கினீர்கள்? சோளத்தையும் அவரிடமே போட்டிருந்தால் காரணம் அதுதான். கடன் கொடுத்தவரே விலை சொல்வார், எடை போடுவார், ஈரம் என்று கழிவும் பிடிப்பார். அறுவடையில் எல்லார் சரக்கும் ஒன்றாக வந்து விலை விழும்போது, கடன்காரர் வாசலில் நிற்பதால் உங்களால் காத்திருக்க முடியாது. விளைச்சல் கூடியும் குடும்பம் மீளாததற்கு நான் பார்த்தவரை முதல் காரணம் இதுதான்.

விதைப்புக்கு முன்பே சங்கத்தில் பயிர்க்கடனுக்குப் போங்கள். தவணைக்குள் கட்டினால் வட்டி கிடையாது. வெளியில் நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் என்றால் ஆண்டுக்கு 36 ஆகிறது. அறுத்த பிறகு நன்றாகக் காயவைத்து அரசின் ஒழுங்குமுறை விற்பனைக்கூடக் கிடங்கில் இருப்பு வையுங்கள். சரக்கு மதிப்பில் 75 சதவீதம் வரை, 180 நாள் வரை பொருளீட்டுக் கடன், அதாவது சரக்கையே ஈடாக வைத்து வாங்கும் கடன், உண்டு. அதில் அவசரக் கடனை அடைத்துவிட்டு விலை பார்த்து விற்கலாம். விலை ஏறியே தீரும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் விற்கும் நாளை நீங்கள் முடிவு செய்யலாம்.

பயிர்க்கடனை எடுத்துக் காதுகுத்து, சீர் செய்யாதீர்கள். தவணை தவறினால் வட்டிச் சலுகையும் போய்விடும்.

விளாத்திகுளம்: மத்திய அரசு வருஷத்துக்குக் கொடுக்கிற பி.எம். கிசான் 6,000 ரூபாய் நின்னுபோச்சு.

இ-கேஒய்சி (ஆதார் வழி அடையாளச் சரிபார்ப்பு), ஆதாரோடு வங்கிக் கணக்கு இணைப்பு, நில விவரம், இந்த மூன்றையும் சரிபாருங்கள்.

தருமபுரி: தக்காளிக்குச் சொட்டுநீர் போட்டா லாபமா?

5 ஏக்கர் வரை உள்ளவருக்கு 100 சதவீத மானியம் உண்டு, சிறு குறு விவசாயி சான்று வேண்டும். தண்ணீரும் கூலியும் மிச்சம். விலை விழுந்தால் அது காப்பாற்றாது. பக்கத்து உழவர் சந்தைக்கு அடையாள அட்டை வாங்கி வையுங்கள்.

உடுமலை: இயற்கை விவசாயத்துக்கு மாறலாமா?

என் துறை இல்லை. வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள்.

மன்னார்குடி: ரெண்டு ஏக்கர் குத்தகை, வாய்ப்பேச்சுதான். பயிர்க்கடன் கிடைக்கல. வெள்ளத்துல பயிர் போனப்ப நிவாரணம் நிலத்துக்காரர் பேர்ல போச்சு.

சென்னை: நான் நிலத்துக்காரன். எழுதிக் கொடுத்தா நிலம் போயிடும். யார் கொடுப்பா?

மன்னார்குடி: உழுதது நாங்க. பணம் மட்டும் உங்களுக்கா?

இருவரும் கேளுங்கள். சென்னைக்காரர் பயத்துக்குக் காரணம் உண்டு. 1955-ஆம் ஆண்டு சாகுபடி குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டப்படி, குத்தகையை ஒழுங்காகக் கொடுப்பவரை எளிதில் வெளியேற்ற முடியாது. 1969-இல் குத்தகை உரிமைப் பதிவுக்கும் சட்டம் வந்தது. பதிந்தால் உரிமை நிலைத்துவிடும் என்று பயந்து பலர் வாய்ப்பேச்சோடு நிறுத்திக்கொண்டார்கள். குத்தகைக்காரரைக் காக்க வந்த சட்டமே அவரைக் கணக்கில் வராதவராக்கியது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

அதற்காக நட்டத்தை முழுக்க உழுதவர் தலையில் கட்டுவது நியாயமில்லை, ஐயா. அவர் பேரில் காகிதம் இல்லாவிட்டால் சங்கக் கடன் கிடைக்காது, கொள்முதல் நிலையத்தில் நெல் போடவும் அலைச்சல். பயிர்க் காப்பீட்டில் குத்தகைக்காரருக்கும் இடம் உண்டு, அதற்கும் அடங்கல், அதாவது எந்த நிலத்தில் யார் என்ன பயிர் செய்கிறார் என்று வி.ஏ.ஓ. எழுதும் கிராமக் கணக்கு, வேண்டும். அந்தப் பருவத்துக்கு அடங்கலில் சாகுபடி செய்பவர் பெயரைக் காட்ட நீங்கள் வி.ஏ.ஓ.விடம் சம்மதம் சொல்லுங்கள். நிவாரணம் உங்கள் கணக்கில் விழுந்தால் உழுதவரிடம் கொடுங்கள்.

சென்னை: அடங்கல்ல பேர் ஏறினா அதையே பிடிச்சுக்கிட்டு வழக்குப் போட்டா?

அடங்கல் பட்டா ஆகாது, சொத்து கைமாறாது. குத்தகை இருக்கிறது என்பதற்கு அது ஒரு சான்றாகலாம், உண்மைதான். இருக்கிற குத்தகையை இல்லை என்று காட்ட வழி கேட்டால் நான் சொல்ல மாட்டேன்.

விருத்தாசலம்: பி.எம். கிசான் பணம் வரலை.

மேலே விளாத்திகுளத்துக்குச் சொன்னதைப் படியுங்கள். இதற்கு இனி பதில் இல்லை.

மன்னார்குடி: நிலத்துக்காரர் சம்மதிக்கலைன்னா?

உங்களைப் போன்ற 4 முதல் 10 பேர் சேர்ந்து கூட்டுப் பொறுப்புக் குழு அமையுங்கள். அடமானம் இல்லாமல் வங்கி கடன் தரும். ஒருவர் தவறினால் மற்றவர்கள் கட்ட வேண்டும், ஆள் பார்த்துச் சேருங்கள். சம்பாவுக்கு என்றால் நாற்று விடும் முன்பே வங்கிக்குப் போங்கள்.