நேரு விட்டுக்கொடுத்த நாற்காலி?

கேள்வி: ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலில் தேடிவந்த நிரந்தர இடத்தை நேரு சீனாவுக்குத் தாரைவார்த்தார் என்றே நம்பியிருந்தேன். அப்படி யாரும் தர முன்வரவில்லை என்று அவரே மக்களவையில் சொன்னாராமே. எதை நம்புவது?

பதில்: இரண்டையும் அப்படியே நம்பாதீர்கள். நடந்தது இரண்டு தடவை. 1950-ஐயும் 1955-ஐயும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதில் வந்ததுதான் பாதித் தகராறு.

1950 ஆகஸ்டில், சீனாவை எடுத்துவிட்டு அங்கே இந்தியாவை உட்காரவைக்கும் பேச்சு அமெரிக்க வெளியுறவுத் துறையில் அடிபடுவதாக வாஷிங்டன் தூதர் விஜயலட்சுமி பண்டிட் எழுதினார். இந்தியாவுக்குத் தகுதி உண்டு, ஆனால் சீனாவைத் தள்ளிவிட்டு நுழைய மாட்டோம் என்று ஆகஸ்ட் 30 அன்று நேரு பதில் எழுதினார்.

1955 ஜூனில் மாஸ்கோவில் சோவியத் பிரதமர் புல்கானின் சொன்னது வேறு: இந்தியா ஆறாவது உறுப்பினராகலாம். முதலில் கம்யூனிஸ்ட் சீனாவை ஐ.நா.வில் சேர்க்கும் விவகாரம் தீரட்டும் என்றார் நேரு. பலரும் இந்த வரியோடு மூடிவைத்துவிடுகிறார்கள். நேருவின் தேர்ந்தெடுத்த எழுத்துகள், இரண்டாம் வரிசை, 29-ஆம் தொகுதியை எடுத்து அடுத்த வரியையும் படியுங்கள். உங்கள் கருத்தை அறியவே கேட்டோம், இதற்கு இது நேரமல்ல என்று புல்கானினே ஒப்புக்கொள்கிறார். ஆழம் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான்.

கூடவே ஐ.நா. சாசனத்தின் 108-வது பிரிவையும் பாருங்கள். நிரந்தர இடத்தில் கைவைக்கச் சாசனத்தைத் திருத்த வேண்டும். பொதுச்சபையில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு, பிறகு அதே அளவு நாடுகளின் ஏற்பு. அந்த நாடுகளில் ஐந்து நிரந்தர உறுப்பினர்களும் இருந்தாக வேண்டும். அன்று சீனாவின் நாற்காலியில் இருந்தது தைவானிலிருந்த சியாங் காய்-ஷேக் அரசு. தன் இடத்தைப் பறிக்கும் திருத்தத்துக்கு அதுவே கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும்! பெய்ஜிங்குக்கு அந்த இடம் கிடைத்ததோ 1971 அக்டோபரில், நேரு இறந்து ஏழு ஆண்டுகள் கழித்து. கையில் இல்லாததை அவர் எப்படித் தாரைவார்ப்பது?

அதற்காக நேருவை முழுக்க விட்டுவிடவும் வேண்டாம். 1955 செப்டம்பர் 27 அன்று மக்களவையில், ‘முறையாகவோ முறைசாராமலோ’ எந்த அழைப்பும் வரவில்லை என்றார். முறையான அழைப்பு வரவில்லை என்பது சரி. ஆனால் புல்கானினிடம் இதைப் பேசி மூன்றே மாதம் ஆகியிருந்தது. ‘முறைசாராமலோ’ என்ற அந்த ஒரு சொல்லை அவர் சபையில் சொல்லியிருக்கக் கூடாது.