கார்டு செத்துப்போச்சா, மயக்கம்தானா?

நாகர்கோவிலில் கம்ப்யூட்டர் பழுது பார்க்க உட்கார்ந்து இருபது வருஷம் தாண்டிவிட்டது. ஐப்பசியில் நாலு இடி இடித்தால் போதும், மறுநாள் காலையில் சிபியுவை ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக்கொண்டு யாராவது வந்து நிற்பார்கள். "கிராபிக்ஸ் கார்டு போச்சு" என்று, மானிட்டருக்குப் படம் அனுப்பும் அந்தப் பலகையின் மேல் தீர்ப்பையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். திறந்து பார்த்தால் பல நேரம் கார்டு நன்றாகத்தான் இருக்கும். இந்த மழைக்கு வந்த கேள்விகளில் மற்றவர்களுக்கும் உதவும் என்று தோன்றியவை இவை.

கருங்கல்: அண்ணே, பழைய ஜிடிஎக்ஸ் 1650 கார்டு ஒன்று வாங்கி மாட்டினேன். ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது. மானிட்டரில் மட்டும் 'நோ சிக்னல்'. கொடுத்தவன் ஏமாற்றிவிட்டானா?

அவனைத் திட்டும் முன்னால் சிபியுவின் பின்பக்கம் போய்ப் பார் தம்பி. மானிட்டர் வயர் எதில் சொருகியிருக்கிறது? கீபோர்டும் மவுஸும் சொருகும் வரிசையில் இருக்கிற எச்டிஎம்ஐ சாக்கெட், எல்லாம் மாட்டியிருக்கும் பெரிய பலகையான மதர்போர்டினுடையது. கார்டினுடையது அதற்குக் கீழே தனியாக, குறுக்குவாக்கில் இருக்கும். கார்டு மாட்டியதும் பல போர்டுகள் தன் சொந்த டிஸ்பிளேயை அணைத்துவிடும். என்னிடம் வரும் 'நோ சிக்னல்' புகார்களில் இதுதான் அதிகம். போனிலேயே தீர்ந்துவிடும், காசு கேட்கவும் மனசு வராது.

வயர் சரியான இடத்தில்தான் இருக்கிறது என்றால் அடுத்தது கரண்ட். கார்டு உட்காரும் ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட்தான் கொடுக்கும். 1650-இல் சில மாடல் அதிலேயே ஓடிவிடும், சில மாடலுக்கு மேலே ஆறு பின் உள்ள தனி சாக்கெட் இருக்கும். இருந்தால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து, அதாவது சிபியுவுக்குள் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் பெட்டியிலிருந்து, வயர் போயே ஆக வேண்டும். அது இல்லாவிட்டாலும் லைட் எரியலாம், படம் வராது.

அப்புறம், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை அஞ்சு செகண்ட் அழுத்தி மிச்சக் கரண்டை இறக்கிவிடு. கார்டைக் கழற்றி, தங்க நிறத்தில் பல் பல்லாக இருக்கும் ஓரத்தைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடை. ரப்பர் துகளை ஊதிவிட்டு, 'டக்' என்று பூட்டு விழும்வரை அழுத்தி மாட்டு. ராமுக்கும் இதையே செய். அப்படியும் வரவில்லை என்றால் சிநேகிதன் வீட்டு சிபியுவில் மாட்டிப் பார்ப்பதைவிட நல்ல சோதனை கிடையாது.

ஒரு எச்சரிக்கை. கார்டைக் கழற்றிவிட்டு மதர்போர்டு டிஸ்பிளேயில் பார்க்கலாம் என்று நினைத்தால், முதலில் பிராசசர் பெயரைப் பார். ஐ3-12100எஃப் மாதிரி எஃப் என்று முடிந்தால் அதற்குள் கிராபிக்ஸே இல்லை. கார்டு இல்லாமல் படம் வராது. இது தெரியாமல் "கார்டோடு சேர்ந்து போர்டும் போச்சு" என்று போர்டு மாற்றியவர்கள் உண்டு.

குளச்சல்: வீடு கடலுக்குப் பக்கம். ஒன்றரை வருஷம் நன்றாக ஓடிய கார்டில் இப்போது கலர் கலராகக் கட்டமும் கோடும் வருகிறது. ஆன் செய்ததும் வரும் கம்பெனி லோகோவிலேயே வருகிறது. கார்டின் ஓரத்தில் பச்சையாகப் பிடித்திருக்கிறது. காப்பாற்ற முடியுமா?

கடற்கரை ஊர்களில் ஜன்னல் கம்பி என்ன கதியாகிறது என்று உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். மயிரிழை இடைவெளியில் செம்பு ஓடும் போர்டு எம்மாத்திரம்! காற்றில் வரும் உப்பு போர்டில் படிந்து, ஈரத்தை இழுத்துக்கொண்டு, கரண்ட் கடத்தும் மெல்லிய படலமாகிவிடுகிறது. போகக்கூடாத இடத்துக்குக் கரண்ட் போகிறது. நீங்கள் பார்த்த பச்சை, செம்பு அரித்துப் பிடித்த களிம்பு.

பொதுவாகக் கோடு வந்தால் முதலில் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதைப் போனுக்கு அனுப்பிப் பாருங்கள். படத்திலும் கோடு இருந்தால் கோளாறு கார்டிலோ, விண்டோஸில் அதை இயக்கும் டிரைவர் மென்பொருளிலோ. படம் சுத்தமாக இருந்தால் பெரும்பாலும் வயர் அல்லது மானிட்டர். உங்களுக்கு விண்டோஸ் வருவதற்கு முன்பே வருவதால் டிரைவர் மேல் பழி போட வழியில்லை. வயரையும் மானிட்டரையும் ஒருமுறை மாற்றிப் பார்த்துவிட்டால், மிச்சம் கார்டுதான்.

மருந்துக்கடையிலோ எலக்ட்ரானிக்ஸ் கடையிலோ ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கேளுங்கள். 99 சதவீதம் என்று எழுதியிருக்க வேண்டும், தண்ணீர் கலந்தது வேண்டாம். கார்டின் ஃபேனையும் அலுமினியக் கட்டையையும் கழற்றி, மெல்லிய பெயிண்ட் பிரஷ்ஷால் பச்சை போகும்வரை துடைத்து, ஃபேன் காற்றில் ஒரு ராத்திரி உலரவிடுங்கள். கட்டையைத் திரும்ப மாட்டும்போது, சிப்பின் சூட்டைக் கட்டைக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் பசையைப் புதிதாகப் போட வேண்டும். பெட்ரோல் வேண்டவே வேண்டாம், அப்படித் துடைத்துக்கொண்டு வந்தவரையும் பார்த்திருக்கிறேன்.

களிம்பு மட்டும்தான் காரணம் என்றால் இதில் பிழைத்துவிடும். மெமரி சிப்போ அதன் அடியில் ஒட்டியிருக்கும் சோல்டரோ விட்டிருந்தால் பிழைக்காது. சூடுகாட்டி ஒட்டித் தருகிறோம் என்பார்கள். நான் பார்த்தவரை இரண்டு மாதம் ஓடினால் பெரிய விஷயம். கார்டின் இன்றைய விலையில் பாதி கேட்டால் விட்டுவிடுங்கள்.

அடுத்த கார்டுக்காக ஒன்று: கடலைப் பார்த்த ஜன்னல் பக்கம் சிபியுவை வைக்காதீர்கள். தினமும் கொஞ்ச நேரமாவது ஓடட்டும், ஓடும் சூட்டில் ஈரம் தங்காது. மாதக்கணக்கில் சும்மா கிடக்கும் பெட்டிதான் சீக்கிரம் கெடுகிறது.

முஞ்சிறை: கார்டை ஓவனில் வைத்து எடுத்தால் உயிர் வரும் என்கிறார்களே?

கேக் வேகும் ஓவனில் பிளாஸ்டிக் புகையைக் கலப்பானேன்? வேண்டாம் மக்கா.

தக்கலை: அண்ணாச்சி, சாதாரண வேலைக்கு ஒன்றும் ஆவதில்லை. கேம் தொடங்கி ரெண்டு நிமிஷத்தில் சிபியு தானே ரீஸ்டார்ட் ஆகிறது. கார்டு ஆர்எக்ஸ் 580, எஸ்எம்பிஎஸ் 450 வாட். வீட்டில் இன்வெர்ட்டரும் உண்டு.

எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். பெரிய எழுத்தில் இருக்கும் 450-ஐ விடுங்கள், அது அவர்கள் ஆசை. 12 வோல்ட் என்று போட்ட கட்டத்தில் எத்தனை ஆம்ப் என்று பாருங்கள். மலிவான பெட்டிகளில் 18 என்று இருக்கும். 12-ஐ 18-ஆல் பெருக்கினால் 216 வாட். உங்கள் கார்டு மட்டுமே முழு வேலையில் 185 வாட் கேட்கும். மிச்சம் 31 வாட்டில் பிராசசர், ஹார்ட் டிஸ்க், ஃபேன் எல்லாம் ஓட வேண்டும். ஓடுமா? பிரவுசர் பார்க்கும்போது கார்டு தூங்குவதால் தெரியாது. கேமில் முழித்துக்கொள்ளும், எஸ்எம்பிஎஸ் கையை விரித்துவிடும்.

நல்ல கம்பெனியின் 500 அல்லது 550 வாட் போடுங்கள். 580-க்கு எட்டு பின் வயர் வேண்டும். ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் வயரிலிருந்து கன்வெர்ட்டர் வைத்து இழுக்காதீர்கள், பின் உருகி ஒட்டிக்கொள்ளும். அப்படிக் கருகிய ஒன்று என் மேஜை டிராயரில் இருக்கிறது, நம்பாதவர்களுக்குக் காட்டுவதற்காக.

இன்வெர்ட்டர் விஷயம் வேறு. கரண்ட் போகும் அந்த நொடியில் ரீஸ்டார்ட் ஆனால், அதன் பின்னாலுள்ள சுவிட்ச் 'யுபிஎஸ்' பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். மற்ற பக்கத்தில் மாறுவதற்கு நேரம் எடுக்கும், லைட்டும் ஃபேனும் பொறுக்கும், சிபியு பொறுக்காது. தனி யுபிஎஸ் வாங்குவதானால் 600 விஏ என்றால் 600 வாட் அல்ல, பெரும்பாலும் 360 வாட்தான்.

அகஸ்தீஸ்வரம்: சிபியு பெட்டியைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறது. கிராபிக்ஸ் கார்டு லீக் ஆகிறதா?

கார்டு பாவம். உங்கள் வீட்டு எர்த் வேலை செய்யவில்லை. எஸ்எம்பிஎஸ்ஸில் உள்ள ஃபில்டர் கொஞ்சம் கரண்டைப் பெட்டியின் தகரத்துக்குத் தள்ளும். அது எர்த் வழியாக இறங்க வேண்டியது. எர்த் இல்லாவிட்டால் தகரத்தில் வீட்டு மின்சாரத்தில் ஏறக்குறைய பாதி வோல்ட் நிற்கும். ஆம்ப் மிகக் குறைவு என்பதால் சுருக்கோடு நிற்கிறது. ஆனால் அதே சுருக்கு, ஓடிக்கொண்டிருக்கும்போது எச்டிஎம்ஐ வயரைச் சொருகினால் கார்டின் போர்ட்டுக்குள்ளும் போகும். டிவியில் இணைத்ததும் கார்டு போனதாகச் சிலர் சொல்வது இதனால்தான். எலக்ட்ரீசியனை அழைத்து எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். பெட்டியில் வேறு ஏதாவது வயர் உரசியிருந்தாலும் இதே அறிகுறிதான், அது ஆளையே அடிக்கும். ஆகவே தள்ளிப்போடாதீர்கள். மூன்றாவது பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின் சாக்கெட்டில் சொருகும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் இன்றோடு விடுங்கள்.

குலசேகரம்: போன வாரம் இடி விழுந்ததில் நெட்டும் போச்சு, டிஸ்பிளேயும் போச்சு. சுவிட்சை ஆஃப் செய்துதான் இருந்தேன்.

மேகத்திலிருந்து தரைவரை தாவி வருகிற மின்னலுக்கு சுவிட்சுக்குள் இருக்கிற சின்ன இடைவெளி ஒரு தடையா? பிளக்கைப் பிடுங்க வேண்டும். அதோடு மோடத்திலிருந்து வரும் லேன் வயரையும் பிடுங்க வேண்டும், பலரும் மறப்பது அதைத்தான். நெட்டும் சேர்ந்து போனது என்றால் உங்களுக்கு அந்த வழியாகத்தான் வந்திருக்கும் என்பது என் ஊகம். அப்படியானால் முதலில் அடி வாங்கியது மதர்போர்டு. கார்டை வேறு சிபியுவில் மாட்டிப் பாருங்கள், உயிரோடு இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. புதுக் கார்டுக்கு இப்போதே காசு கொடுக்காதீர்கள்.

ஆரல்வாய்மொழி: கேம் ஆடினால் கார்டின் சூடு 92 டிகிரி, சத்தம் ஹெலிகாப்டர் மாதிரி.

காற்றாலை சுற்றும் ஊரில் தூசுக்குக் கேட்க வேண்டுமா! ஆடி மாசம் முடிந்ததும் ஒருமுறை சுத்தம் செய்வது நல்லது. சிபியுவை வெளியே தூக்கி வைத்து புளோயர் அடியுங்கள். அடிக்கும்போது கார்டின் ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், வெறியோடு சுற்றவிட்டால் பேரிங் போகும். தூசு போன பிறகும் 85-க்குக் கீழே இறங்காவிட்டால் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும், மாற்றுங்கள்.

மார்த்தாண்டம்: மானிட்டரில் இருப்பது பழைய விஜிஏ சாக்கெட் மட்டும். ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டின் டிவிஐ சாக்கெட்டில் சின்ன கன்வெர்ட்டர் சொருகப் பார்த்தேன், நாலு பின் இடிக்கிறது. உடைத்துவிடலாமா?

உடைத்தாலும் வராது. அந்தக் கார்டில் விஜிஏவுக்கான அனலாக் சிக்னலே கிடையாது. உள்ளே சிப் வைத்த எச்டிஎம்ஐ-விஜிஏ கன்வெர்ட்டர் வாங்குங்கள்.

திங்கள்சந்தை: டிரைவர் அப்டேட் போட்டதிலிருந்து விண்டோஸ் உள்ளே போனதும் கறுப்புத் திரை.

முதலில் கீபோர்டில் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் ஒன்றாக அழுத்துங்கள், டிஸ்பிளே டிரைவர் மறுபடி தொடங்கும். வராவிட்டால் சேஃப் மோடில் போய், டிடியு என்ற இலவச மென்பொருளால் டிரைவரை வேரோடு எடுத்துவிட்டு, முந்தைய பதிப்பைப் போடுங்கள். ஜிடி 710 போன்ற பழைய கார்டு வைத்திருப்பவர்கள் 470 வரிசை டிரைவரோடு நிற்க வேண்டியதுதான், 2021-க்குப் பிறகு அவற்றுக்குப் புது வரிசை வரவில்லை.

வடசேரி: தம்பி, காலேஜில் படிக்கிற மகன் படிப்புக்குக் கிராபிக்ஸ் கார்டு கட்டாயம் வேண்டும் என்கிறான். உண்மையா?

அக்கா, எந்த சாஃப்ட்வேருக்கு என்று ஒரு பெயர் கேளுங்கள். 3டி படம் செய்யும் பிளெண்டர், வீடியோ எடிட்டிங், மெஷின் லேர்னிங் என்று சொன்னால் பையன் சொல்வதில் நியாயம் உண்டு. சி, ஜாவா, எக்செல் என்றால் கார்டு இல்லாமலே ஓடும், ராம் எட்டிலிருந்து பதினாறு ஜிபி ஆக்கிக் கொடுத்தால் அதைவிட உதவும். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு ஒரு பெயர் சொன்னான் என்றால் அது கேமாகத்தான் இருக்கும். அதுவும் பாவமில்லை, முன்கூட்டியே தெரிந்தால் நல்லது, அவ்வளவுதான். எதுவானாலும் காசு கொடுக்கும் முன், பெட்டியைத் திறந்து எஸ்எம்பிஎஸ் லேபிளை ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள்.