எக்ஸ்ரேயில் தெளிவில்லாத நிழல்: ஆறு கிழமை பொறுக்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 54 வயது. ஹட்டன் பக்கம் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். மூன்று கிழமையாக இருமல். நெஞ்சு எக்ஸ்ரேயில் 'வலது நுரையீரலின் மேல்பகுதியில் தெளிவற்ற நிழல்' என்று எழுதியிருக்கிறது. மருந்து தந்து, ஆறு கிழமை கழித்து மறுபடி எடுக்கச் சொன்னார்கள். புற்றுநோயா? அதுவரை பொறுக்கலாமா?

பதில்: அடுத்த எக்ஸ்ரேக்கு ஆறு கிழமை பொறுப்பது சரிதான். நிமோனியா என்றால் இருமல் நின்ற பிறகும் அதன் நிழல் படத்தில் சில கிழமை தங்கும். அவசரப்பட்டு எடுத்தால் அதே நிழலைப் பார்த்து மறுபடி பயப்படுவீர்கள். ஆனால் சளிப் பரிசோதனையை அதுவரை தள்ளிப்போடாதீர்கள். இரண்டு கிழமைக்கு மேல் இருமல், அதோடு மேல்பகுதியில் நிழல் என்றால் முதலில் பார்க்க வேண்டியது காசநோய். ஒரு நாள் பேர் (அன்றைய சம்பளம்) போனாலும் பரவாயில்லை, மாவட்ட மார்பு நோய் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். பரிசோதனையும் மருந்தும் இலவசம். காலையில் எழுந்ததும் ஆழமாக இருமி எடுக்கும் சளிதான் வேண்டும், எச்சில் அல்ல. சளியில் கிருமி இல்லை என்று வந்தாலும் இருமல் தொடர்ந்தால் அதோடு விட்டுவிடக் கூடாது.

'தெளிவற்ற' என்பது நோயின் பெயர் இல்லை. விலா எலும்பும் இரத்தக்குழாயும் படத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக விழும். மூச்சை முழுதாக இழுக்காவிட்டாலும், சற்றுத் திரும்பி நின்றாலும் படம் குழம்பும். தோளில் கிடந்த சடைகூட நிழலாகத் தெரிவதுண்டு! எப்போதோ ஆறிப்போன காசநோய்த் தழும்பாகவும் இருக்கலாம். அதனால்தான் பழைய படம் ஒன்று கிடைத்தால் எங்களுக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. அம்மா எப்போதாவது வெளிநாட்டு வேலைக்கு மெடிக்கல் எடுத்திருந்தால் அந்தப் படத்தைத் தேடுங்கள். பல வருடத்துக்கு முந்தைய படத்திலும் அதே நிழல் அதே அளவில் இருந்தால் பெரும்பாலும் பயமில்லை.

புற்றுநோயா என்று இந்த ஒரு படத்தை வைத்துச் சொல்ல முடியாது. அடுத்த படத்திலும் நிழல் போகாமல் இருந்தால், அல்லது பெருத்திருந்தால், சி.டி. ஸ்கேன் பற்றிக் கேளுங்கள். அம்மா புகை பிடிக்காதவர் என்றாலும் கேளுங்கள், விறகடுப்புப் புகையும் நுரையீரலைக் கெடுக்கும்.

சளியில் இரத்தம், உடல் மெலிதல், விடாத காய்ச்சல், இந்தக் குளிரிலும் இரவில் உடுப்பு நனைய வியர்த்தல் இருந்தால் ஆறு கிழமைக் கணக்கை விட்டுவிட்டு உடனே காட்டுங்கள். மூச்சு முட்டினாலோ இரத்தம் அதிகமாக வந்தாலோ அன்றைக்கே, இரவானாலும், பெரிய வைத்தியசாலைக்குப் போங்கள். போகும்போது அறிக்கையை மட்டுமல்ல, எக்ஸ்ரே படத்தையும் கையோடு கொண்டுபோங்கள்.