மே மாதம் மட்டும்

அன்புள்ள ஐயா,

நகரத் திட்டமிடல் முதுகலை படிக்கிறேன். கல்வித் துறையும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமும் (சி.எம்.டி.ஏ.) சேர்ந்து திட்டமிட்டால் அரசுப் பள்ளிகள் மேம்படுமா? பள்ளிகளை டிஜிட்டல் வரைபடத்தில் இணைப்பது பற்றி ஆய்வேடு எழுத ஆசை. எந்த வெளிநாட்டு நகரத்தை முன்மாதிரியாகக் கொள்ளலாம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வரைபடம் போடுங்கள், யார் வேண்டாம் என்றது? வெளிநாடுதான் வேண்டுமென்றால், அமெரிக்காவில் கிளாரன்ஸ் பெர்ரி 1929லேயே பள்ளியை நடுவில் வைத்து, பிள்ளைகள் நடந்து போகும் தூரத்துக்குள் குடியிருப்பை வரைந்தார். உங்கள் வகுப்பில் சொல்லியிருப்பார்கள். கண்ணகி நகரைப் பற்றிச் சொன்னார்களா?

சென்னையின் ஆற்றோரம், கால்வாயோரம் குடியிருந்தவர்களை அப்புறப்படுத்தி, முதலில் அங்கே, நகரின் தெற்கு ஓரத்தில், கொண்டுபோய் விட்டார்கள். பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். அப்போது நான் மந்தைவெளிப் பக்கம் இலவச மாலை வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். பத்தாவது படிக்கும் பையன் ஒருவன் வருவான். டிசம்பரில், அரையாண்டுத் தேர்வுக்கு நடுவில், சாமான்களோடு அவன் குடும்பத்தை லாரியில் ஏற்றிவிட்டார்கள். மார்ச்சில் பொதுத்தேர்வு, பள்ளி மாற வழியில்லை. விடியற்காலை பஸ் பிடித்து வருவான். மாலையில் என் முன்னால் புத்தகத்தின்மேல் தலை சாய்ந்துவிடும். ஒரு வாரம் திட்டினேன். பிறகுதான் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். பஸ் நேரங்கள். எதில் பாஸ் செல்லும், எதில் செல்லாது என்று பென்சில் குறிகள். ஜனவரிக்குப் பிறகு அவன் வரவில்லை.

கல்வி உரிமைச் சட்டத்தின் விதிகள் தொடக்கப் பள்ளி 1 கிலோமீட்டருக்குள், நடுநிலைப் பள்ளி 3 கிலோமீட்டருக்குள் இருக்கவேண்டும் என்கின்றன. அந்தச் சட்டம் 14 வயதோடு கையைக் கழுவிவிடுகிறது. இவனுக்கு 15.

இரண்டு துறையும் ஒரே மேசையில் உட்காரட்டும் என்கிறீர்கள். உட்கார்ந்து டீ குடித்துவிட்டு எழுந்து போவார்கள், தம்பி. மேசையில் ஒரு காலண்டரை வையுங்கள். ஜூன் முதல் ஏப்ரல் வரை ஒரு குடும்பத்தையும் நகர்த்தக் கூடாது. மே மாதம் மட்டும். அதுவும் எப்போது? அங்கே மேல்நிலைப் பள்ளி திறந்து, கணக்கு வாத்தியார் வந்து சேர்ந்த பிறகு. கட்டடம் மட்டும் நின்றால் போதாது. வாத்தியார் வரும்வரை வீட்டுச் சாவியைக் கொடுக்காதீர்கள், பழைய வீட்டையும் இடிக்காதீர்கள். கரையைக் காலிசெய்துவிட்டு, பக்கத்து மாநகராட்சிப் பள்ளியில் சேர்க்கை குறைந்துவிட்டது என்று கைவிரிக்கிறவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை.

ஸ்மார்ட் நகரம் எல்லாம் பிறகு. உங்கள் ஆய்வேட்டில் ஓர் அட்டவணை போடுங்கள்: குடும்பங்கள் வந்திறங்கிய தேதி ஒரு பக்கம், அங்கே பத்தாம் வகுப்பு தொடங்கிய தேதி மறுபக்கம். முடித்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். தபால் செலவு என்னுடையது.