காப்பியடித்த பைக்கும் நாட்டு எல்லையும்: கேள்வி பதில்

வண்டி டிசைன்களைப் பதிவு செய்து கொடுப்பது என் தொழில். பைக் மீதிருந்த ஆசைதான் இங்கே இழுத்து வந்தது. காப்பியடிப்பது பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் கீழே.

கோவை கல்லூரி மாணவர்: டுகாட்டி பனிகாலே போலவே சீனாவில் மோக்ஸியாவோ 500 ஆர்ஆர் என்று ஒரு பைக் வந்தது. இத்தாலியில் செய்த டிசைன் பதிவு சீனாவில் செல்லாதா சார்?

செல்லாது தம்பி. உலகம் முழுக்கச் செல்லும் டிசைன் உரிமை என்று ஒன்று கிடையாது. எந்த நாட்டில் பதிவு செய்தீர்களோ அங்கேதான் பாதுகாப்பு. ஒரு நாட்டில் விண்ணப்பித்தால், அறிவுசார் சொத்துக்கான பாரிஸ் உடன்படிக்கைப்படி 6 மாதத்துக்குள் மற்ற நாடுகளிலும் விண்ணப்பித்து, முதல் விண்ணப்பத்தின் தேதியையே கோரலாம். அதைத் தவறவிட்டால் போனது போனதுதான்.

காரில் நடந்த ஒன்றைச் சொன்னால் சட்டென்று விளங்கும். ரேஞ்ச் ரோவர் எவோக்கை 2010 டிசம்பரில் குவாங்சோ கண்காட்சியில் வைத்துவிட்டு, சீனாவில் டிசைன் விண்ணப்பத்தை 2011 நவம்பரில்தான் போட்டார்கள். ஊரே பார்த்த பிறகு அது புதிய டிசைன் இல்லையே! 2016இல் அந்தப் பதிவு ரத்தானது. எவோக்கைப் போலவே இருந்த லேண்ட்விண்ட் எக்ஸ்7 காரின் பதிவும் ரத்தானது. ஆனாலும் 2019இல் பெய்ஜிங் நீதிமன்றம் ஒன்று, நியாயமற்ற போட்டி என்று சொல்லி லேண்ட்விண்ட் விற்பனையை நிறுத்த உத்தரவிட்டது.

சென்னை வாசகி: பெயரைக் காப்பியடித்தால்?

அதில் பிடிப்பது கொஞ்சம் சுலபம். சீனாவின் லிஃபான் நிறுவனம் 'ஹோங்டா' என்று பெயர் போட்டு விற்றதற்கு, ஹோண்டாவுக்கு 14.7 லட்சம் யுவான் தரும்படி 2004இல் பெய்ஜிங் நீதிமன்றம் சொன்னது. யமஹா வழக்கு இன்னும் விசித்திரம். எதிராளிகள் ஜப்பானிலேயே யமஹா என்ற பெயரில் ஒரு கம்பெனியைத் தொடங்கி, அந்தப் பெயரைச் சீனாவில் வண்டி மேல் ஒட்டினார்கள். 2007இல் சீன உச்ச நீதிமன்றம் 83 லட்சம் யுவான் இழப்பீட்டை உறுதி செய்தது. சில சமயம் வழக்கே இல்லாமலும் முடியும். தன் வண்டிகளைக் காப்பியடித்துக் கொண்டிருந்த சன்டிரோ என்ற சீன நிறுவனத்தையே 2001இல் ஹோண்டா கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டது.

புதுச்சேரி வெஸ்பா பிரியர்: வெஸ்பா கேஸில் பியாஜியோ ஜெயித்ததா, தோற்றதா? இரண்டு மாதிரியும் படித்தேன்.

இரண்டும் உண்மைதான். 2013இல் மிலான் கண்காட்சியில், வெஸ்பாவைத் தயாரிக்கும் பியாஜியோவின் புகாரின் பேரில் இத்தாலிய நிதிக் காவல்துறை 11 ஸ்கூட்டர்களைப் பறிமுதல் செய்தது. அதைத் தொடர்ந்து சீனாவின் ஜொங்னெங் நிறுவனத்தோடு சண்டை பல வருடம் ஓடியது. வெஸ்பாவைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். முன் தகடு அம்பு முனை போல இருக்கும். சீட்டின் அடிப்பகுதிக்கும் முன் தகட்டுக்கும் நடுவில் ஒமேகா எழுத்தைக் கவிழ்த்த மாதிரி ஒரு வளைவு போகும். இந்த உருவத்தையே முப்பரிமாண டிரேட்மார்க்காக அவர்கள் பதிவு செய்திருந்தார்கள்.

2019இல் ஐரோப்பிய ஒன்றியப் பொது நீதிமன்றத்தில் ஜொங்னெங்கின் டிசைன் பதிவை ரத்து செய்யச் சொல்லிப் பியாஜியோ கேட்டது. உங்களுடையது வளைவு, அவர்களுடையது கோணல் கோணலான கோடுகள், பார்வைக்கு வேறுதான் என்று நீதிமன்றம் மறுத்துவிட்டது. பியாஜியோவுக்குத் தோல்வி. அப்புறம் வெஸ்பாவின் டிரேட்மார்க்கையே ஐரோப்பிய அறிவுசார் சொத்து அலுவலகம் செல்லாது என்றது. 2023 நவம்பரில் அதே பொது நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்தது. இது பியாஜியோவுக்கு வெற்றி. நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் வெஸ்பா இருப்பதும், பல நாடுகளில் வெஸ்பா கிளப்புகள் இருப்பதும் ஆதாரமாயின. டிசைன் வழக்கு வேறு, டிரேட்மார்க் வழக்கு வேறு. அதனால்தான் இரண்டு மாதிரி படித்திருக்கிறீர்கள்.

ஓசூர் வாசகர்: டிவிஎஸ் ஃபிளேம் வழக்கு என்ன ஆனது? அப்பா அந்த வண்டியைப் பற்றி இன்றைக்கும் பேசுவார்.

அது உருவத்துக்கான டிசைன் வழக்கு இல்லை, வேலை செய்யும் முறைக்கான பேடண்ட் வழக்கு. சின்ன சிலிண்டரில் இரண்டு ஸ்பார்க் பிளக் வைக்கும் முறைக்கு பஜாஜ் பேடண்ட் வாங்கியிருந்தது. 2007இல் டிவிஎஸ் 125 சிசி ஃபிளேமை மூன்று வால்வு, இரண்டு பிளக்கோடு அறிவித்தது. இரண்டு பிளக் என்பதே பழைய விஷயம், எங்கள் இன்ஜின் வேறு என்பது டிவிஎஸ் வாதம். 2008 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. டிவிஎஸ் ஒற்றை பிளக்கோடு வண்டியை இறக்கியது. 2009 மே மாதம் இரு நீதிபதிகள் அமர்வு தடையை நீக்கியது. செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், விற்றுக்கொள்ளுங்கள், விற்பனைக் கணக்கு மட்டும் வையுங்கள் என்றது. இந்த மாதிரி வழக்குகளைத் தினமும் விசாரித்து 4 மாதத்தில் முடிக்க வேண்டும் என்றும் சொன்னது. கடைசியில் இரு தரப்பும் சமரசம் ஆனது 2019இல். அதற்குள் ஃபிளேம் சந்தையிலேயே இல்லை. உங்கள் அப்பாவின் ஆதங்கம் எனக்கும் உண்டு.

திருச்சி மெக்கானிக்: சீனாக்காரனை மட்டும் திருடன் என்கிறோமே, ஜப்பான்காரன் செய்யவில்லையா?

எல்லாரும் செய்தார்கள் அண்ணே. ஜெர்மனியின் டிகேடபிள்யூ ஆர்டி 125 வண்டியைப் பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி தோற்றதும் அதன் வரைபடங்கள் ஜெயித்தவர்கள் கைக்குப் போயின. ரஷ்யாவில் மாஸ்க்வா, இங்கிலாந்தில் பிஎஸ்ஏ பேண்டம், அமெரிக்காவில் ஹார்லியின் 125, எல்லாம் அதன் வாரிசுகள். 1955இல் யமஹா செய்த முதல் பைக்கான ஒய்ஏ-1 கூட அதைப் பார்த்துச் செய்ததுதான். ஜப்பானுக்குள்ளேயும் சண்டை நடந்தது. சூப்பர் கப் டிசைனுக்காக சுஸுகி ஹோண்டாவுக்கு 76 கோடி யென் தர வேண்டும் என்று 1973இல் டோக்கியோ நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது.

கோவை பட்டறைக்காரர்: நானே யோசித்து ஒரு கிராஷ் கார்டு செய்தேன். இரண்டே மாதத்தில் அதே மாதிரி மார்க்கெட்டில் வந்துவிட்டது. என்ன செய்யலாம்?

முதலில் இதைச் சொல்லுங்கள்: விண்ணப்பம் போடும் முன்பே இன்ஸ்டாகிராமில் படம் போட்டீர்களா? என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் இங்கேதான் மாட்டுகிறார்கள். போட்டிருந்தால் அந்த டிசைனைக் காப்பாற்றுவது கஷ்டம். காப்பிரைட் இருக்கிறதே என்றும் நினைக்க வேண்டாம். பதிவு செய்யக்கூடிய டிசைனைப் பதிவு செய்யாமல் 50க்கு மேல் தயாரித்தால், அந்தக் காப்பிரைட்டும் போய்விடும்.

அடுத்த மாடலுக்கு இப்படிச் செய்யுங்கள். பெயின்ட் காய்ந்ததும் எல்லாக் கோணத்திலும் படம் எடுங்கள், பின்னணி வெறுமையாக இருக்கட்டும். யாருக்கும் காட்டும் முன் விண்ணப்பம் போடுங்கள். தனிநபருக்குக் கட்டணம் 1,000 ரூபாய்தான். 10 வருடம் உரிமை, நீட்டித்தால் இன்னும் 5 வருடம். கண்ணுக்குத் தெரியும் உருவத்துக்குத்தான் இந்தப் பாதுகாப்பு. மாட்டும் கிளாம்ப் புது மாதிரி வேலை செய்கிறது என்றால் அதற்குப் பேடண்ட் பக்கம் போக வேண்டும்.

சேலம் வாசகர்: ஒரு வெளிநாட்டு பைக்குக்கு இந்தியாவில் டிசைன் பதிவாகிவிட்டதாம். சீக்கிரம் வருமா?

அதை வைத்து முன்பணம் சேர்க்க வேண்டாம். இங்கே யாரும் காப்பியடிக்கக் கூடாது என்பதற்காகவும் பதிவு செய்வார்கள்.

மதுரை வாசகர்: ஆர்எக்ஸ்100 மாதிரியே ஒரு பைக்கை நான் தயாரித்தால் யமஹா கேஸ் போடுமா?

1985இல் வந்து 1996இல் நின்ற வண்டி. டிசைன் உரிமை 15 வருடம், பேடண்ட் 20 வருடம், இரண்டுக்கும் காலம் கடந்துவிட்டது. ஆனால் டிரேட்மார்க்கைப் 10 வருடத்துக்கு ஒரு முறை புதுப்பித்துக்கொண்டே போகலாம். பெயரையும் யமஹாவின் இசைக்கவை முத்திரையையும் தொடாதீர்கள். உருவத்துக்கும் டிரேட்மார்க் இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிடுங்கள். 1958இல் வந்த சூப்பர் கப்பின் உருவத்தையே ஜப்பானில் ஹோண்டா 2014இல் அப்படிப் பதிவு செய்துவிட்டது. இதையெல்லாம் தாண்டினாலும், அந்த டூ ஸ்ட்ரோக் இன்ஜின் இன்றைய பிஎஸ்6 புகை விதியில் பாஸ் ஆகாது.